ஒரு குடும்பத்துக்கு ஒரு கூப்பன்

எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை செய்தித்தாளை முதலில் பிரிக்கும் உரிமை எனக்கு மட்டும்தான். நாட்டு நடப்பு தெரிந்துகொள்ள இல்லை. உள்ளே மடித்து வைத்து வரும் நோட்டீசுக்காக. இராஜபாளையத்தில் புதிதாகத் திறந்திருக்கும் ஒரு சூப்பர் மார்க்கெட்காரர்கள் வாராவாரம் பளபளவென்று ஒரு நோட்டீஸ் அடித்து அனுப்புவார்கள். அதன் அடியில் புள்ளிக்கோடு போட்டு ஒரு கூப்பன் இருக்கும். ஐந்நூறு ரூபாய்க்குச் சாமான் வாங்கி, கத்தரித்த கூப்பனை நீட்டினால் ஒரு கிலோ சீனி பாதி விலை. சில வாரம் கடலை எண்ணெய், சில வாரம் உளுந்து. என் வீட்டுக்காரர் ஒருநாள் கிரிக்கெட் செய்தியைத் தேடுகிற அவசரத்தில் கூப்பனைக் குறுக்கே கிழித்துவிட்டார். அன்றைக்கு மத்தியானம் வரை அவருக்குக் காப்பி கிடையாது.

கூப்பனுக்குக் கீழே எறும்பு ஊர்கிற மாதிரி சின்ன எழுத்தில் ஒரு வரி போட்டிருந்தார்கள். ‘ஒரு குடும்பத்துக்கு ஒரு கூப்பன் மட்டுமே.’ அதைப் படித்ததும் எனக்கு வந்ததே கோபம்! எங்கள் வீட்டில் நாலு பேர். நான், பஞ்சு மில்லில் ஷிப்ட் பார்க்கும் என் வீட்டுக்காரர், பிளஸ் டூ படிக்கும் மகள், பிறகு என் கொழுந்தன். நாலு பேரும் காப்பிக் குடியர்கள். ஒரு கிலோ சீனி எந்த மூலைக்குக் காணும்? பக்கத்து வீட்டில் புருஷனும் பெண்டாட்டியும் ரெண்டே பேர், ரெண்டு பேருக்கும் சர்க்கரை வியாதி. அவர்களுக்கும் ஒரு கிலோ, எங்களுக்கும் ஒரு கிலோவா? கூப்பன் அடிக்கிறவன் வீட்டுக்கு வந்து தலையை எண்ணிப் பார்க்க வேண்டாமா?

அவன் செய்யாத நியாயத்தை நானே செய்துகொண்டேன். சர்க்கரை வியாதிக்காரர்கள் வீட்டுக் கூப்பனை வாங்கிக்கொண்டேன். எதிர் வீட்டிலும் அதற்கு அடுத்த வீட்டிலும் கூப்பனைக் கத்தரிக்க யாருக்கும் பொறுமை கிடையாது, அவற்றையும் வாங்கிக்கொண்டேன். ஆக, கையில் நாலு கூப்பன். இனி நாலு குடும்பம்தான் பாக்கி. அதற்கென்ன, நாலு பேர் இருக்கிறோமே. கடைக்குள் மட்டும் ஆளுக்கொரு குடும்பமாகிவிடுவது என்று முடிவு செய்தேன். வீட்டுக் கூடத்தில் எல்லாரையும் உட்கார வைத்துச் சட்டதிட்டம் சொன்னேன். ஒருத்தர் உள்ளே போய் செத்த நேரம் கழித்துத்தான் அடுத்தவர் போக வேண்டும். தனித்தனிக் கூடை, தனித்தனி போன் நம்பர், தனித்தனி பில். ஒருவரையொருவர் பார்த்துச் சிரிக்கக் கூடாது.

“யாராச்சும் கேட்டா என்ன சொல்லணும் மதினி?” என்று கேட்டான் கொழுந்தன்.

“யாருன்னே தெரியாதுன்னு சொல்லிரணும்.”

“யாரு கேட்டாலுமா?”

“அந்த அய்யனாரே எறங்கி வந்து கேட்டாலும்.”

இவ்வளவு கெடுபிடி எதற்கென்றால், பில் போடும் இடத்தில் இருக்கும் பெண் லேசுப்பட்டவள் இல்லை. போன தீபாவளி சமயம், வேறு வேறு வரிசையில் நின்ற அப்பனையும் பிள்ளைகளையும் சட்டைத் துணி ஒரே துணி என்று கண்டுபிடித்து, ரெண்டு கூப்பனைத் திருப்பிக் கொடுத்தவள் அவள். அதிலிருந்து நான் எங்கள் வீட்டில் யாருக்கும் ஒரே நிறத்தில் துணி எடுப்பதில்லை.

நடிப்பில் என் மகள் பிறவி மேதை. என் பக்கத்தில் வந்து, “ஆன்ட்டி, கொஞ்சம் தள்ளிக்கிறீங்களா?” என்பாள். பெற்ற வயிறு எரியும், ஆனாலும் தள்ளிக்கொள்வேன். கொழுந்தன் சொன்ன சொல்லைத் தட்டாதவன். கடையை விட்டு வெளியே வந்து, வீட்டு வாசல் வரைக்கும் எங்களை யாரென்று தெரியாத மாதிரியே நடந்து வருவான். “ஏலே, கடை முடிஞ்சு போச்சுலே, பையப் பிடி” என்று அவன் அண்ணன் சத்தம் போட்டால்தான் சொந்தம் திரும்பும். தொல்லை எல்லாம் அந்த அண்ணனால்தான். மில்லில் மெஷின் சத்தத்துக்கு மேலே கத்திக் கத்திப் பழகிய மனுஷர். மெதுவாகப் பேசினால் யாருக்கோ துரோகம் செய்கிற மாதிரி நினைப்பார்.

இப்போது கொழுந்தன் கல்யாண விஷயத்தைச் சொல்ல வேண்டும். நான் இந்த வீட்டுக்கு வாழ வந்தபோது அவன் பள்ளிக்கூடத்துப் பையன். கொஞ்ச காலத்தில் மாமனாரும் மாமியாரும் ஒருத்தர் பின்னால் ஒருத்தராகப் போய்விட்டார்கள். அவனுக்குச் சோறு போட்டு, காய்ச்சல் வந்தால் பத்து போட்டு, பரீட்சைக்கு எழுப்பிவிட்டு ஆளாக்கியது நான். அதனால் கொழுந்தன் என்று சொன்னாலும் எனக்கு அவன்தான் மூத்த பிள்ளை. பேண்டேஜ் துணி நெய்கிற கம்பெனியில் மெஷின் பார்க்கிறான். நல்ல சம்பளம், ஒரு கெட்ட பழக்கம் கிடையாது, வயது மட்டும் முப்பத்தஞ்சைத் தாண்டிவிட்டது. பார்த்த இடமெல்லாம் ஏதாவது சொல்லித் தட்டிப் போனது. அரசாங்க வேலை இல்லை என்றார்கள். முன்நெற்றி ஏறுகிறது என்றார்கள். ஒரு வீட்டில், போட்டோவில் தூங்குகிற மாதிரி இருக்கிறார் என்று சொன்னார்கள். அவன் எப்போதும் அப்படித்தான் இருப்பான், அதற்கு என்ன செய்வது?

கடைசியாக ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பெண் அமைந்தாள். கோயிலில் வைத்துப் பார்த்தோம். “நீங்க ஏன் பேசவே மாட்டேங்கிறீங்க?” என்று அவள் நேராகவே கேட்டாள். “பேசினா கெட்டுப் போயிருமோன்னு பயமா இருக்கு” என்றான் இவன். அவள் சிரித்துவிட்டாள். அவ்வளவுதான், அன்றையிலிருந்து என் பிள்ளை காலையும் மாலையும் என் பின்னாலேயே வந்து, “அங்கயிருந்து போன் வந்துச்சா மதினி?” என்று கேட்க ஆரம்பித்தான். இதுவும் தட்டிப் போனால் இனிமேல் பெண்ணே பார்க்க வேண்டாம் என்று அவன் அண்ணனிடம் சொல்லியிருக்கிறான். அதைக் கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

பெண் வீட்டாருக்கும் அவனைப் பிடித்திருந்தது. ஆனால் குடும்பம் எப்படி என்று விசாரித்துவிட்டுத்தான் சொல்வார்கள். எங்கள் பக்கம் அதுதான் முறை. சொல்லாமல் கொள்ளாமல் ஆள் வருவார்கள். டீக்கடையில் டீ குடிக்கிற மாதிரி நின்று, அந்த வீடு எப்படி, சண்டை சத்தம் உண்டா, வார்த்தை நயம் எப்படி என்று காது கொடுப்பார்கள். பெண்ணின் தாய்மாமன் அன்றைக்குக் கோயிலுக்கு வரவில்லை, மிலிட்டரியில் இருந்து ரிட்டயர் ஆனவர், அவர் சொல்கிறதுதான் முடிவு என்று தரகர் சொல்லியிருந்தார். நான் சும்மா இருப்பேனா? டீக்கடைக்காரர், இஸ்திரி போடுகிறவர், பால்காரர் எல்லாரையும் தயார் செய்து வைத்தேன். டீக்கடைக்காரரிடம் தினம் காலையில் போய், “எங்க குடும்பம் எப்படி?” என்று நானே கேட்பேன். அவர் ஒப்பிப்பார். தப்பாகச் சொன்னால் திருத்துவேன்.

தெருவை எல்லாம் தயார் செய்த நான், சூப்பர் மார்க்கெட்டை மறந்துவிட்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சீனிக் கூப்பன். நாங்கள் நாலு பேரும் கிளம்பிப் போன பிறகுதான் அந்தத் தாய்மாமன் எங்கள் தெருவுக்கு வந்திருக்கிறார். இதெல்லாம் எங்களுக்குப் பிறகுதான் தெரியும். டீக்கடைக்காரர் பாடத்தைப் பிசகாமல் ஒப்பித்திருக்கிறார். “அவிய மாதிரி குடும்பத்தப் பாக்கவே முடியாது அண்ணாச்சி. போனா ஒண்ணாப் போவாவ, வந்தா ஒண்ணா வருவாவ. இப்பக்கூட நாலு பேரும் சேந்து சூப்பர் மார்க்கெட்டுக்குத்தான் போயிருக்காவ. வேணும்னா நீங்களே போய்ப் பாத்துக்கோங்க.” மனுஷர் நேராகக் கடைக்கே வந்துவிட்டார். ஜாதகத்தோடு நாங்கள் அனுப்பிய போட்டோ அவர் போனில் இருக்கிறது. அய்யனார் கோவில் அருவியில் நாலு பேரும் நனைந்து, தோளில் கை போட்டுக்கொண்டு நிற்கிற போட்டோ.

கடைக்குள் நான் பருப்பு வரிசையில் நின்றிருந்தேன். கொழுந்தன் பில் போடும் இடத்தில் ஒரு வரிசை, மகள் இன்னொரு வரிசை. எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தது. அப்போது சோப்புப் பக்கமிருந்து என் வீட்டுக்காரர், மில்லில் கத்துகிற அதே குரலில் கத்தினார்.

“ஏட்டி! உளுந்து எங்க கெடக்கு?”

கடை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. என் பக்கத்தில் நின்ற ஒரு கனத்த அம்மாள் கூடையைக் கீழே வைத்துவிட்டாள். “ஏய்யா, யாரப் பாத்து ஏட்டிங்கிற?” என்று அவரைக் கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பினாள். “அக்கா, இந்த ஆளு உங்களுக்குத் தெரிஞ்சவரா?”

பில் போடுகிற பெண் தலையைத் தூக்கிப் பார்த்தாள். தெரியும் என்று சொன்னால் மூன்று கிலோ சீனி போச்சு.

“யாருன்னே தெரியாதும்மா” என்றேன்.

அவ்வளவுதான். எங்கிருந்துதான் அத்தனை பெண்கள் வந்தார்களோ! வயசான காலத்துல கொழுப்பப் பாரு என்றாள் ஒருத்தி. அக்கா தங்கச்சியோட பொறக்கலையா என்றாள் இன்னொருத்தி. என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் மனுஷர் கெஞ்சியே விட்டார். நான் என்ன செய்ய முடியும்? அத்தனை பேர் எனக்காகப் பரிந்து பேசும்போது நான் மட்டும் வாயை மூடிக்கொண்டு நின்றால் சந்தேகம் வராதா? அதனால் நானும் சேர்ந்துகொண்டேன்.

“நல்லாக் கேளுங்க. வீட்ல பொண்டாட்டியையும் இப்படித்தான் ஏட்டி, ஏட்டின்னு வெரட்டுவாரு போல. அந்தப் புண்ணியவதி இவரோட எப்படித்தான் காலந்தள்ளுதாளோ!”

உண்மையைச் சொன்னால், கல்யாணமான நாளிலிருந்து சொல்ல நினைத்து அடக்கி வைத்திருந்த பேச்சு அது. ஊர் நடுவில், இத்தனை பெண்கள் சாட்சியாக, பதில் பேச முடியாத நிலையில் அவரை நிறுத்திச் சொல்கிற பாக்கியம் எந்தப் பெண்டாட்டிக்குக் கிடைக்கும்? வரிசையில் இருந்து என் மகள், “அங்கிள், அந்த ஆன்ட்டிகிட்ட சாரி சொல்லுங்க” என்றாள். அவர் மகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கனத்த அம்மாளைப் பார்த்தார். “சாரிங்க” என்றார். எங்கள் இல்லற வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த முதல் சாரி. பரவாயில்லை என்று பெரிய மனது பண்ணி மன்னித்தேன்.

வெல்லம் அடுக்கியிருந்த பக்கம் ஒரு ஆள் விறைப்பாக நின்றுகொண்டிருந்தார். முறுக்கு மீசை, கரண்டி முழுங்கின மாதிரி முதுகு. போனைப் பார்க்கிறார், எங்களைப் பார்க்கிறார், மறுபடி போனைப் பார்க்கிறார். கடைக்காரர்கள் கூப்பன் திருடரைப் பிடிக்க ஆள் போட்டுவிட்டார்கள் என்றே நினைத்தேன். அவர் நேராக என் கொழுந்தனிடம் போனார்.

“தம்பி, அந்தா நிக்காவளே, அந்தம்மா உங்க மதினி இல்ல?”

பில் போடுகிற பெண் காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறாள். கொழுந்தன் என் சட்டத்தை மீறவில்லை. “யாருங்க? எனக்குத் தெரியாதே.”

“இப்ப ஏச்சு வாங்குனாரே, அவரு?”

“அவரையும் தெரியாதுங்க.”

“அந்தப் பிள்ளை?”

“இன்னைக்குத்தான் பாக்கேன்.”

அவர் மீசையை ஒருமுறை நீவிவிட்டு, ஒரு சாமானும் வாங்காமல் வெளியே போய்விட்டார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. இப்படிப்பட்ட பிள்ளையை வளர்த்தது நானல்லவா! நாலு கிலோ சீனியோடு வீட்டுக்கு வந்து, டப்பாவில் மிச்சமிருந்த பழைய சீனியில் முந்திரி போட்டுக் கேசரி கிண்டினேன். என் வீட்டுக்காரர் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. கேசரி மட்டும் ரெண்டு தடவை வாங்கிக்கொண்டார்.

கேசரித் தட்டு காலியாவதற்குள் தரகர் போன் வந்தது. கத்துகிற கத்தில் ஸ்பீக்கரே தேவைப்படவில்லை.

“என்னம்மா பண்ணி வச்சிருக்கீங்க? மாமங்காரரு கடைக்கே வந்து பாத்துட்டுப் போயிட்டாராம். மூத்தவரு வாரவ போறவளை எல்லாம் ஏட்டிங்காராம். பொண்டாட்டி புருஷனை ஊர் முன்னாடி யாருன்னே தெரியாதுங்காளாம். மாப்பிள்ளை கூடப்பொறந்த அண்ணனையே தெரியாதுங்காராம். அந்த வீட்ல எங்க பிள்ளையக் குடுக்க மாட்டோம்னுட்டாவ!”

கொழுந்தன் தட்டைக் கீழே வைத்தான். அவன் என்னைத் திட்டியிருக்கலாம். தட்டைத் தூக்கி எறிந்திருக்கலாம். உன் சீனியும் நீயும் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தாலும் நான் பதிலுக்கு நாலு சொல்லி மனசை ஆற்றிக்கொண்டிருப்பேன். அவன், “விடுங்க மதினி, கேசரி நல்லாத்தான் இருக்கு” என்றான்.

“எல்லாரும் கெளம்புங்க” என்றேன்.

“எங்கட்டி?” என்றார் என் வீட்டுக்காரர். காலையில் பட்டதெல்லாம் பத்தவில்லை மனுஷருக்கு.

“ஸ்ரீவில்லிபுத்தூருக்கு.”

“கூப்பிடாம பொண்ணு வீட்டுக்குப் போறதா? மரியாதை என்னாகும்?”

“அது காலையிலயே போயாச்சு. அதைப் பத்தி நீங்க கவலப்படாதீங்க.”

நோட்டீசையும் நாலு சீனிப் பொட்டலத்தையும் கட்டைப்பையில் போட்டுக்கொண்டேன், அத்தாட்சி வேண்டுமே. பால்கோவா ஊருக்கு வீட்டிலிருந்து சீனி சுமந்துகொண்டு போனது நாங்களாகத்தான் இருக்கும். பஸ் ஸ்டாண்டில் புறப்படத் தயாராக, அந்த வழியே போகும் ஒரு மதுரை வண்டி நின்றது. நான் ஏறவில்லை. டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் காசு கிடையாது, காத்திருப்போம் என்றேன். “தம்பி வாழ்க்கையே போகுது, இப்பவுமா?” என்றார் அவர். தம்பி வாழ்க்கை வேறு, பஸ் காசு வேறு. ரெண்டையும் போட்டு ஏன் குழப்ப வேண்டும்?

பெண் வீட்டுக் கதவைத் திறந்தது அந்த மீசைக்காரர்தான். அவரைப் பார்த்ததும் கொழுந்தன் முகம் செத்துப்போனது.

“யாரு நீங்க?” என்றார் அவர், எங்களைப் பார்த்து. “எனக்கு யாரையும் தெரியலியே.”

“தெரியும் அண்ணாச்சி, நல்லாத் தெரியும். உள்ள விடுங்க, எல்லாத்தையும் சொல்லுதேன்” என்றேன்.

உட்காரச் சொன்னார்கள். சம்பந்தம் முடிவாகாத வீட்டில் எங்கள் பக்கத்தார் கை நனைப்பதில்லை, காப்பிகூடக் குடிக்க மாட்டோம். அவர்களும் தண்ணீர் நீட்டவில்லை. நான் நாலு சீனிப் பொட்டலத்தையும் எடுத்து மேஜையில் அடுக்கி, நோட்டீசை அவர் கையில் கொடுத்து, ஆதியோடு அந்தமாக எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அந்தச் சின்ன எழுத்து வரியைப் படித்தார். பெண்ணின் அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார். அழுகிறாரா, சிரிக்கிறாரா என்று தெரியவில்லை.

“ஒரு கிலோ சீனிக்காகவா இம்புட்டும்?” என்றார் மாமன்.

“நாலு கிலோ அண்ணாச்சி.”

அவர் நோட்டீசை மடித்து வைத்தார். “பொய்யி பொய்யிதான். ஆனா மாப்பிள்ளை மேல எனக்குக் குறை ஒண்ணும் இல்ல. சொன்ன சொல்லக் காப்பாத்துதாரு. எனக்கு வேண்டியது ஒண்ணே ஒண்ணு. எங்க பிள்ளை உங்க வரிசையில போயி யாரோ எவளோன்னு நிக்கப்படாது. கல்யாணம் முடிஞ்சதும் இங்க மாடியில ரெண்டு பேரும் தனியா இருக்கட்டும். மாப்பிள்ளை வேலைக்கு பஸ்ல போயிட்டு வரட்டும். இதுக்குச் சம்மதம்னா பேசி முடிச்சிருவோம். என்ன சொல்லுதீங்க?”

சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். என் பிள்ளைக்கு அவன் ஆசைப்பட்ட பெண். எனக்கும் கணக்கு ஓடாமல் இல்லை. தனி வீடு, தனிக் கதவு எண், சட்டப்படி தனிக் குடும்பம். எந்தப் பில் போடுகிறவளும் கேள்வி கேட்க முடியாத கூப்பன். வேறென்ன வேண்டும்? வாயைத் திறந்தேன்.

“அது முடியாது. நாங்க ஒரே குடும்பம்.”

என் வீட்டுக்காரர் மேஜைக்கு அடியில் என் காலை மிதித்தார். மிதித்து என்ன, சொல்லியாகிவிட்டதே. என் கையாலேயே ரெண்டாவது தடவையும் கெடுத்துவிட்டேன் என்று தெரிந்தது. தெரிந்தும் வாய் நிற்கவில்லை. “அவன் பசிக்குதுன்னு சொல்ல மாட்டான் அண்ணாச்சி. மூஞ்சியப் பாத்து நாமதான் போடணும். இங்க மாடியில விட்டுட்டு நான் அங்க எப்படிச் சாப்பிடுவேன்?” என்று சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. நாலு கிலோ சீனிக்கு முன்னால் உட்கார்ந்து மூக்கைச் சிந்தினேன்.

கொழுந்தன் எழுந்து நின்றான். காது ரெண்டும் சிவந்திருந்தது. “மதினி சொல்லுததுதான் எனக்கும்” என்றான். சொல்லிவிட்டு, எல்லாம் முடிந்தது என்று வாசலைப் பார்த்தான்.

உள்ளேயிருந்து அந்தப் பெண் வெளியே வந்தாள்.

“மாமா, செத்த யோசிச்சுப் பாருங்க. ஒருத்தருக்கொருத்தர் தெரியாதுன்னு பொய் சொல்லக்கூட இவிய நாலு பேரும் ஒண்ணாத்தான போயிருக்காவ. நம்ம வீட்ல நாலு பேரு சண்டையில்லாம ஒரு கல்யாணத்துக்குச் சேந்து போயிருக்கமா? நான் அங்கயே இருந்துக்கிடுதேன்.”

மாமன் மீசையை நீவினார். எங்களை ஒவ்வொருத்தராகப் பார்த்தார். என் வீட்டுக்காரர் தன் தோள் துண்டால் என் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார், நான் மூக்கையும் அதிலேயே துடைத்துக்கொண்டேன்.

“அப்போ, கடையில மட்டுந்தான் தெரியாது?” என்று கேட்டார் அவர்.

“கடையில மட்டுந்தான் அண்ணாச்சி.”

அவர் தங்கச்சி பக்கம் திரும்பினார். “எல்லாருக்கும் காப்பி போடு. சீனி இவிய கொண்டாந்ததுலயே எடுத்துக்கோ.”